வீட்டிலேயே மணமூட்டிய கப்புச்சினோ: டிகாக்ஷனிலிருந்து நுரை வரை

ஏலக்காய்ப் பொடியை நுரையின் மேல் தூவிவிட்டால் மட்டும் அது ஏலக்காய் கப்புச்சினோ ஆகிவிடாது. கோப்பையை மூக்கருகே கொண்டுபோகும்போது மணக்கும். முதல் மடக்கில் நாக்கில் நரநரக்கும். அதற்குப் பிறகு வெறும் பால் காபிதான். கடையில் வாங்கிய ஹேசல்நட் சிரப்பை இரண்டு கரண்டி ஊற்றினால் வேறொரு கோளாறு: அடி வரைக்கும் ஒரே தித்திப்பு, காபி எங்கே போனதென்றே தெரியாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எந்த மணப்பொருளும் காபியோடு சேர்வதற்கு அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. சிலது பாலில் ஊற வேண்டும், சிலது தூளோடு ஃபில்டருக்குள் போக வேண்டும், சிலது பாகில் கரைய வேண்டும். மேலே தூவத் தகுந்தவை மிகக் கொஞ்சம். இந்த இடம் பிடிபட்டுவிட்டால் பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை. வீட்டில் இருக்கும் காபி ஃபில்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

கோப்பை சிறியதாக இருக்கட்டும்

மணத்துக்குப் போவதற்கு முன் அளவு. பெரும்பாலான வீடுகளில் கப்புச்சினோ கெட்டுப்போவது இங்கேதான். பரிசாக வந்த 300 மில்லி மக்கை எடுத்து, அது நிறையும் வரை பால் ஊற்றுகிறோம். இத்தாலியில் கப்புச்சினோ சின்னப் பானம். அங்கே எஸ்பிரஸோவுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு சொல்லும் கணக்கு இது: 25 மில்லி எஸ்பிரஸோ (அழுத்தத்தில் இறக்கும் கெட்டிக் காபி), குளிர்ந்த பால் 100 மில்லியை நீராவியில் நுரைத்து 125 மில்லியாக உப்ப வைக்க வேண்டும், பாலின் சூடு ஏறத்தாழ 55 டிகிரி செல்சியஸ். எல்லாம் சேர்ந்து 150, 160 மில்லிக் கோப்பையில் அடங்கிவிடும்.

இந்தக் கணக்கில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, பால் உப்புவது நான்கில் ஒரு பங்குதான். விளம்பரப் படங்களில் வருவதுபோல் கோப்பைக்கு மேல் மலையாக நிற்கும் நுரை அல்ல. இரண்டு, சூடு. நாம் ஆவி பறக்க, நாக்கு பொசுங்கக் குடித்துப் பழகியவர்கள். 55 டிகிரி நமக்கு வெதுவெதுப்பாகத் தோன்றும். ஆனால் பாலின் இயல்பான இனிப்பு நன்றாகத் தெரிவது 55க்கும் 65க்கும் இடையில்தான். 70ஐத் தாண்டினால் காய்ச்சிய பாலின் வாடை மேலேறி, ஏலக்காய், வனிலா போன்ற மெல்லிய மணங்களை அமுக்கிவிடும். நான் 60, 62 டிகிரியில் நிறுத்தச் சொல்வேன்.

ஃபில்டர் டிகாக்ஷன் எஸ்பிரஸோ அளவுக்குக் கெட்டியாக இருக்காது. அதனால் வீட்டுக் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்: கெட்டி டிகாக்ஷன் 45 மில்லி, பால் 110 மில்லி, கோப்பை 200 மில்லி. பாலைக் கூட்டினால் காபியையும் மணத்தையும் அதே விகிதத்தில் கூட்ட வேண்டும். பால் மட்டும் கூடினால் எல்லாம் தண்ணீராகிவிடும்.

காபி: எஸ்பிரஸோ இல்லாமல் சமாளிப்பது

எஸ்பிரஸோ மெஷின் சுமார் 9 பார் அழுத்தத்தில் வெந்நீரைத் தூளுக்குள் தள்ளுகிறது. 1940களின் பிற்பாதியில் மிலானில் அக்கிலே காஜ்ஜியா லீவர் மெஷினைக் கொண்டுவந்த பிறகுதான் காபியின் மேல் கிரீமா என்னும் அந்தப் பொன்னிற நுரை படர்ந்தது. நம் ஃபில்டரில் அழுத்தம் கிடையாது; தண்ணீர் தன் எடையில் சொட்டுகிறது. கிரீமா வராது, வர வைக்கவும் முடியாது. ஆனால் மணமூட்டிய கப்புச்சினோவுக்குக் கிரீமா முக்கியமில்லை. தேவை கெட்டித்தன்மை. அதை ஃபில்டரிலேயே பெறலாம்.

இரண்டு கோப்பைக்கு 25 கிராம் தூள், அதாவது குவித்து எடுத்த மூன்று நான்கு மேசைக்கரண்டி. மேல் பாத்திரத்தில் போட்டுத் தட்டிச் சமமாக்கி, குடையால் லேசாக அழுத்துங்கள். பலமாக அமுக்கினால் சொட்டவே சொட்டாது. கொதித்து இறக்கி அரை நிமிடம் ஆன தண்ணீர் 140 மில்லி அளந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கால் பங்கு மட்டும் ஊற்றி, தூள் நனைந்து பொங்கி அடங்கும் வரை அரை நிமிடம் விடுங்கள். பிறகு மீதியை ஊற்றி மூடிவிடுங்கள். தூள் தன் எடையைப் போல் இரு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கீழே சுமார் 90 மில்லி இறங்கும். அதுதான் இரண்டு கோப்பைக்கான முதல் டிகாக்ஷன். இரண்டாம் டிகாக்ஷனை இதில் கலக்க வேண்டாம். அதைச் சாதாரணக் காபிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறிப்போன டிகாக்ஷனை அடுப்பில் வைத்துச் சூடாக்குவது பெரும் பாவம். கசப்பு ஏறும், மணம் ஓடிவிடும். டம்ளரோடு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் ஐந்து நிமிடம் உட்கார வைத்தால் போதும்.

மோக்கா பாட் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது. 1933இல் அல்ஃபோன்சோ பியலெட்டியின் பட்டறையிலிருந்து வந்த இந்தச் சிறு அலுமினியக் கூஜா, ஒன்று ஒன்றரை பார் அழுத்தத்தில் காபியை மேலே தள்ளுகிறது. டிகாக்ஷனைவிடக் கூர்மையான சுவை தரும். கீழறையில் வால்வுக்குக் கீழே நிற்கும்படி வெந்நீர் ஊற்றி, கூடையில் தூளை அழுத்தாமல் நிரப்பி, சிறுதீயில் வையுங்கள். மேலே வரும் காபி தேன்நிறத்துக்கு மாறி, புஸ்புஸ்ஸென்று சத்தம் கேட்டதும் இறக்கி, அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். அந்தக் கடைசிச் சத்தத்தில் வருவது கசப்பு மட்டுமே. அலுமினிய மோக்கா பாட் இண்டக்ஷன் அடுப்பில் சூடேறாது. அங்கே எவர்சில்வர் வகை வாங்க வேண்டும்.

இன்ஸ்டன்ட் காபியையும் சர்க்கரையையும் சேர்த்து அடித்துப் பழுப்பு நுரையாக்கும் முறையைப் பலர் வீட்டு கப்புச்சினோ என்கிறார்கள். அது ருசியான பானம்தான், ஆனால் அங்கே நுரைப்பது காபி. கப்புச்சினோவில் நுரைக்க வேண்டியது பால். கல்யாண மண்டபங்களில் ஆவி சீறும் மெஷினிலிருந்து வந்து, மேலே சாக்லேட் பொடி தூவித் தரப்பட்ட ‘எக்ஸ்பிரஸோ காபி’தான் பழைய தலைமுறைக்குக் கப்புச்சினோவின் நெருங்கிய சொந்தம். பெயர்தான் வேறு.

சிக்கரி பற்றி ஒரு வார்த்தை. மணமூட்டப் போகிறீர்கள் என்றால் சிக்கரி இல்லாத தூள், அல்லது அதிகம் போனால் 10, 15 சதவீதம். காபிக்கொட்டை வகைகளில் பீபரியும் பிளாண்டேஷன் ஏ-யும் கலந்து, நடுத்தரமாக வறுத்து அரைக்கச் சொல்லுங்கள். சிக்கரியின் கருகல் இனிப்பு ஏலக்காயையும் வனிலாவையும் முழுங்கிவிடும். அதே சிக்கரி கருப்பட்டியோடும் சாக்லேட்டோடும் மிக நன்றாக ஒத்துப்போகும். வீட்டில் ஏற்கெனவே 70க்கு 30 கலந்த தூள்தான் இருக்கிறதா? அப்படியானால் அந்த இரண்டு வகைகளோடு தொடங்குங்கள்.

பாலும் நுரையும்

நுரையைத் தாங்கிப் பிடிப்பது பாலின் புரதம். காற்றுக் குமிழைச் சுற்றி அது மெல்லிய தோல்போலப் படிகிறது. கொழுப்பு இந்தத் தோலைக் கொஞ்சம் பலவீனப்படுத்தும், ஆனால் வாயில் வழுவழுப்பைத் தருவதும், ஏலக்காய் போன்றவற்றின் எண்ணெய் மணத்தைப் பிடித்துவைப்பதும் அதே கொழுப்புதான். எனவே ரொம்பக் கொழுப்பும் ஆகாது, கொழுப்பே இல்லாததும் ஆகாது.

ஆவின் பாக்கெட்டில் சொல்வதானால் நீலம் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. என் தேர்வு பச்சை. நீலத்தில் நுரை எளிதாக எழும், ஆனால் குடிக்கும்போது உடம்பு இல்லாததுபோல் இருக்கும். ஆரஞ்சில் சுவை பிரமாதம். நுரை கனத்து, சீக்கிரம் அமர்ந்துவிடும். எருமைப்பால் வாங்குபவர்கள் காய்ச்சி, குளிரவைத்து, ஆடையை முழுக்க எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். டெட்ரா பேக்கில் வரும் பால் நன்றாகவே நுரைக்கும், காய்ச்சிய வாடைதான் சற்றுத் தூக்கலாக இருக்கும்.

பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்டுரைஸ் செய்யப்பட்டது. கடையிலிருந்து வீடு வரை குளிர்ச்சி குறையாமல் வந்திருந்தால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேராக 60 டிகிரிக்குச் சூடாக்கிப் பயன்படுத்தலாம். காலை வெயிலில் டப்பாவில் கிடந்த பாக்கெட் என்றால் வழக்கம்போல் காய்ச்சிவிடுங்கள். பிறகு ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, ஆடையை வடிகட்டி எடுங்கள். கறந்த பாலுக்குக் காய்ச்சுவது கட்டாயம், அதில் பேச்சே இல்லை.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் கையும் கண்ணும் போதும். பாத்திரத்தின் ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக் குமிழ்கள் தோன்றி, மெல்ல ஆவி கிளம்பும். பாத்திரத்தைத் தொட்டால் இரண்டு நொடிக்கு மேல் விரலை வைக்க முடியாது. அந்த நேரத்தில் இறக்க வேண்டும். பொங்கும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிட்டது.

நுரைக்க எனக்கு மிகவும் பிடித்த கருவி ஃபிரெஞ்ச் பிரஸ், அதாவது வலை பொருத்திய உலக்கையை அமுக்கிக் காபி வடிக்கும் குடுவை. சூடான பாலைக் குடுவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். உலக்கையை மேலும் கீழும் வேகமாக 15, 20 நொடி இயக்குங்கள். முதல் பாதியில் வலை பாலின் மேல்மட்டத்தை உடைத்துக்கொண்டு காற்றை இழுக்க வேண்டும். பின்பாதியில் பாலுக்குள்ளேயே குட்டையாக அசைந்து பெரிய குமிழ்களைப் பொடியாக்க வேண்டும். இந்த இரண்டு கட்டம்தான் ரகசியம். மெஷினில் ஆவிக்குழாயை முதலில் மேல்மட்டத்திலும் பிறகு ஆழத்திலும் பிடிப்பதும் இதற்காகத்தான். பேட்டரியில் ஓடும் ஃபிரோத்தர் (பால் நுரைக்கும் சிறு கருவி) வைத்திருந்தால் அதே ஒழுங்கு: பத்து நொடி மேலே, இருபது நொடி உள்ளே. பாத்திரம் உயரமாகவும் குறுகலாகவும் இருந்தால் நல்லது.

எதுவும் இல்லாதவர்கள் மூடி இறுகும் கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கும் குறைவாகக் குளிர்ந்த பால் ஊற்றி, முக்கால் நிமிடம் குலுக்கி, மூடியைத் திறந்துவிட்டு மைக்ரோவேவில் அரை நிமிடம் வைக்கலாம். சூடான பாலை மூடிய பாட்டிலில் குலுக்கவே கூடாது. உள்ளே ஆவி அழுத்தம் ஏறி மூடி தெறிக்கும், கை வெந்துபோகும். மிக்ஸி ஜாரிலும் சூடான பாலை அடிக்கக் கூடாது என்பது இதே காரணத்தால்தான்.

டபராவில் ஆற்றினால் நுரை வராதா என்று கேட்பார்கள். வரும், அழகாகவே வரும். ஆனால் அவை பெரிய குமிழ்கள். ஒரு நிமிடத்தில் உடையும். ஃபில்டர் காபிக்கு அது போதும், அங்கே ஆற்றுவதே சூட்டைக் குறைத்துக் கலப்பதற்கு. கப்புச்சினோவின் நுரை தனித்தனிக் குமிழாகத் தெரியவே கூடாது. ஈரமான பெயிண்ட் போலப் பளபளப்பாக, ஊற்றினால் பாலோடு சேர்ந்து வழிய வேண்டும்.

நுரைத்த பாலைப் பத்து நொடி விட்டு, பாத்திரத்தை மேடையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள்; பெரிய குமிழ்கள் உடையும். பிறகு பாத்திரத்தைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். நிறுத்தினால் நுரை மேலேயும் பால் கீழேயும் பிரிந்துவிடும்.

ஒருநாள் திடீரென்று நுரையே எழவில்லை என்றால் மூன்று சந்தேகம்: பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ ஒட்டியிருக்கிறது, பால் பழசு, அல்லது நீங்கள் சேர்த்த மணப்பொருளில் எண்ணெய் இருக்கிறது. பழைய பாலில் கொழுப்பு சிதைந்து பிரியும் அமிலங்கள் நுரையைக் கொன்றுவிடும், வாசனையில் கெட்டது தெரிவதற்கு முன்பே.

மணம் சேரும் இடம்

ஏலக்காயிலிருந்து தொடங்குகிறேன். காபியோடு இவ்வளவு இயல்பாகச் சேரும் மணப்பொருள் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். அரபு நாடுகளின் கஹ்வாவில் ஏலக்காய் காபியோடு சேர்ந்துதான் கொதிக்கிறது. நம் பக்கம் போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் போகிறது. மேற்கே மலையேறினால் ஏலத்தோட்டங்களும் காபித்தோட்டங்களும் அருகருகே. ஏலக்காயின் மணம் எண்ணெயில் இருக்கிறது. எண்ணெய் கரைய இடம் பாலின் கொழுப்பு. எனவே இதன் இடம் பால்.

முதல் நாள் இரவு 250 மில்லி குளிர்ந்த பாலில், பச்சை நிறம் மாறாத மூன்று ஏலக்காயைத் தோலோடு நசுக்கிப் போட்டு மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் வடிகட்டினால் பால் முழுவதும் மணம் ஊறியிருக்கும், ஒரு துகள் இருக்காது. பால் ஒருமுறைதான் சூடாகிறது என்பதால் நுரையும் கெடாது. அவசரமென்றால் பாலை 65 டிகிரிக்குச் சூடாக்கி, நசுக்கிய காயைப் போட்டு மூடிப் பத்து நிமிடம் வைத்து வடிகட்டி உடனே நுரைக்கலாம். கூடவே காபித்தூளில் ஒரே ஒரு காயின் விதைகளை இடித்துக் கலந்து ஃபில்டரில் போட்டால், பாலில் இருக்கும் மணத்துக்குக் காபியிலிருந்து ஒரு பதில் கிடைக்கும். தூளில் இரண்டு காய்க்கு மேல் வேண்டாம். மருந்து நெடி வந்துவிடும். சர்க்கரை சேர்த்து அரைத்து விற்கும் ஏலப்பொடியைத் தொடாதீர்கள்.

பட்டையின் இடம் தண்ணீர். பொடியாகப் போட்டால் வெந்நீரில் அது கொழகொழப்பாகி ஃபில்டரை அடைக்கும். ஒரு விரல் நீளத் துண்டை ஃபில்டருக்கு ஊற்றப்போகும் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, குறைந்த தண்ணீரை நிரப்பி, அந்த நீரால் டிகாக்ஷன் இறக்குங்கள். மெக்சிகோவில் மண்பானையில் போடும் கஃபே தெ ஒல்லாவும் இதே வழிதான்: பட்டையும் அவர்கள் ஊர் வெல்லமும் முதலில் தண்ணீரில் கொதிக்கும், பிறகுதான் காபித்தூள். பிரியாணிக்கு வாங்கும் தடித்த பட்டை காரமாகவும் முரட்டுத்தனமாகவும் இருக்கும். காபிக்கு இலங்கைக் கறுவா: காகிதம்போல் மெல்லிய அடுக்குகள் சுருண்டு, விரலால் அழுத்தினாலே நொறுங்கும். விலை கூடுதல்தான். ஆனால் அதன் மெல்லிய இனிப்பு காபிக்குக் குறுக்கே நிற்காது. மேலே தூவத் தகுந்த சில பொருள்களில் கறுவாவும் ஒன்று. தேயிலை வடிகட்டியில் போட்டுத் தட்டினால் ஒரு சிட்டிகை போதும்.

கருப்பட்டி பாகாக வேண்டும். 100 கிராம் கருப்பட்டியை நொறுக்கி, 60 மில்லி தண்ணீரில் கரையும் வரை கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். அடியில் மண்ணும் தூசியும் எப்போதும் இருக்கும். ஆறியதும் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். பாலோடு வெல்லம் சேர்த்துக் கொதிக்கவைத்தால் திரிவதைப் பார்த்துப் பயந்தவர்கள் நிறையப் பேர். கப்புச்சினோவில் பால் கொதிப்பதே இல்லை. பாகை டிகாக்ஷனில் கலந்து, அதன்மேல் 60 டிகிரிப் பாலை ஊற்றுவதால் திரிவது அரிது. புதுக் கருப்பட்டி வாங்கினால் ஒரு கரண்டிச் சூடான பாலில் நாலு சொட்டுப் பாகு விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் அதன் புகைவாசனைக்கு வேறெதுவும் சேர்க்க வேண்டியதில்லை. ஏதாவது ஒன்று வேண்டுமென்றால் சுக்குத்தூள் ஒரு சிட்டிகை, அதையும் பாகு கொதிக்கும்போதே போட்டுவிடுங்கள்.

இஞ்சி என்றதும் ஓர் எச்சரிக்கை. பச்சை இஞ்சியை ஒருபோதும் இந்தப் பாலில் தட்டிப் போடாதீர்கள். இஞ்சியில் புரதத்தை வெட்டும் நொதி இருக்கிறது; 60, 70 டிகிரிச் சூட்டில் அதற்கு வேகம் அதிகம். தென்சீனத்தில் இஞ்சிச் சாற்றில் சூடான பாலை ஊற்றி உறையவைத்து இனிப்புச் செய்வது இந்த நொதியை நம்பித்தான். இஞ்சி டீ திரியாமல் தப்புவது, இஞ்சி தண்ணீரில் தளதளவென்று கொதித்து நொதி செத்த பிறகு பால் சேர்வதால். கப்புச்சினோவுக்கு நாம் பாலை நிறுத்தும் சூடு, அந்த நொதிக்குப் பிடித்த சூடு. இஞ்சிச் சுவை வேண்டுமென்றால் பாகில் ஐந்து நிமிடமாவது கொதிக்கவைத்து வடிகட்டிச் சேருங்கள்.

சாக்லேட்டின் இடம் கோப்பையின் அடி. கோகோ பொடி பாலில் நேராகப் போட்டால் உருண்டை கட்டி மிதக்கும், அதிலுள்ள கொழுப்பு நுரையையும் இறக்கும். ஒரு தேக்கரண்டி இனிப்பில்லாத கோகோ, ஒன்றரைத் தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி சூடான டிகாக்ஷன்: இவற்றைக் கோப்பையிலேயே குழைத்து பசையாக்குங்கள். சூட்டில் கோகோவின் மணம் விரியும். பிறகு மீதி டிகாக்ஷன், அதன்மேல் பால். டூரின் நகரத்தின் பழைய பானமான பிசெரினிலும் சாக்லேட்டோடு காபி, அதன்மேல் கிரீம். உப்பு ஒரு கல் போட்டால் கசப்பு அடங்கி சாக்லேட் முன்னே வரும்.

கேரமலை டப்பாவில் வாங்க வேண்டாம், பத்து நிமிட வேலை. அடிகனமான பாத்திரத்தில் 100 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில்லாமல் நடுத்தீயில் உருக்குங்கள். கரண்டி போடாமல் பாத்திரத்தை மட்டும் அசைத்துக்கொண்டிருங்கள். நிறம் தேன் தாண்டி செம்பழுப்புக்கு வந்து, முதல் புகை எட்டிப்பார்க்கும்போது அடுப்பை அணைத்து, 90 மில்லி வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சீறித் தெறிக்கும், கையை எட்ட வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளைச் சமையலறைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள். கட்டியானால் மறுபடி சிறுதீயில் கரைத்தால் சரியாகிவிடும். நிறத்தில் தைரியம் வேண்டும். வெளிறிய கேரமல் வெறும் இனிப்பு, காபிக்குள் காணாமல் போகும்.

வனிலாவுக்கு அதிக சூடு ஆகாது. எசென்ஸ் என்றால் கோப்பைக்கு இரண்டு சொட்டு, கடைசியில், டிகாக்ஷனில். பொள்ளாச்சிப் பக்கம் விளையும் வனிலாக் காய் கிடைத்தால் கீறி, விதையைச் சுரண்டி, காயோடு கால் கிலோ சர்க்கரையில் புதைத்து இரண்டு வாரம் மூடிவையுங்கள். அந்தச் சர்க்கரை மாதக்கணக்கில் வரும். எசென்ஸோடு அதை ஒப்பிடவே முடியாது.

ஹேசல்நட் நம் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை. பாதாமை நன்றாகச் சிவக்க வறுத்து, ஒன்றிரண்டாக இடித்து, சம எடை சர்க்கரையும் தண்ணீரும் கலந்த சூடான பாகில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டினால் அதே திசையில் ஒரு சுவை வரும். பருப்பைப் பாலில் ஊறவைக்காதீர்கள். எண்ணெய் இறங்கி நுரை படுத்துவிடும். எலுமிச்சை, ஆரஞ்சுச் சாறு பக்கமே போக வேண்டாம். புளிப்பு பாலை உடைக்கும். ஆரஞ்சு மணம் வேண்டுமென்றால் தோலின் வெளிப்பகுதியை மட்டும் பாகில் ஊறவைக்கலாம்.

கோப்பையில் சேர்ப்பது

1. கோப்பையில் வெந்நீர் ஊற்றி ஒரு நிமிடம் வைத்துக் கொட்டுங்கள். குளிர்ந்த பீங்கான் சூட்டை உறிஞ்சிவிடும்.

2. பாகோ, சாக்லேட் பசையோ, சர்க்கரையோ முதலில் கோப்பையில். கருப்பட்டி, கேரமல் பாகு இரண்டு தேக்கரண்டி போதும்.

3. அதன்மேல் சூடான டிகாக்ஷன் 45 மில்லி. கரண்டியால் அடிவரை கலக்குங்கள். பால் சேர்ந்த பிறகு கலக்கினால் நுரை உடையும். இனிப்பு விஷயம் இங்கேயே முடிந்துவிட வேண்டும்.

4. ஒரு சொட்டு எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். இந்தக் கட்டத்தில் கசப்பும் இனிப்பும் மணமும் கொஞ்சம் மிகையாகவே தெரிய வேண்டும், ஏனென்றால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பால் வரப்போகிறது.

5. இப்போது பாலை நுரையுங்கள், அதற்கு முன் அல்ல. காத்திருக்கும் நுரை கெட்டுப்போகும்.

6. சுழற்றிக்கொண்டிருக்கும் பாலைக் கோப்பையின் நடுவில், ஓர் அங்குல உயரத்திலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். பாதி நிறைந்ததும் பாத்திரத்தைக் கோப்பையை ஒட்டிக் கொண்டுவந்து வேகத்தைக் கூட்டினால் வெள்ளை நுரை மேலே மிதந்து வரும். சுற்றிலும் காபியின் பழுப்பு வளையம் நிற்கும். நுரையின் கனம் ஒரு சென்டிமீட்டர் இருந்தால் சரியாக அமைந்திருக்கிறது.

7. தூவுவதாக இருந்தால் கோகோ அல்லது கறுவா, அதுவும் பாலில் அல்லது காபியில் ஏற்கெனவே இருக்கும் மணத்தோடு ஒத்ததாக.

உடனே குடிக்க வேண்டும். மூன்று நான்கு நிமிடத்தில் நுரையிலிருந்து பால் வடிந்து, மேலே காய்ந்த பஞ்சு மட்டும் நிற்கும்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஓட்ஸ் பால்தான் முதலில் சொல்வேன், காபிக்கென்றே தயாரித்து ‘பாரிஸ்டா’ என்று எழுதிய வகையாகப் பார்த்து. சோயாப் பாலும் பாதாம் பாலும் காபியின் புளிப்பில் சில நேரம் திரிந்து பிரியும். டிகாக்ஷனைச் சற்று ஆறவிட்டு ஊற்றினால் அந்தத் தொல்லை குறையும்.

நாலைந்து பேர் வரும் நாளில் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருக்க முடியாது. டிகாக்ஷனைக் காலையிலேயே இறக்கி மூடிவையுங்கள். இரண்டு பாகு, கருப்பட்டியும் கேரமலும், ஃபிரிட்ஜில் இருக்கட்டும். இரவே ஊறிய ஏலக்காய்ப் பால் ஒரு பாத்திரத்திலும் வெறும் பால் இன்னொன்றிலும். வந்தவர்களிடம் கேட்டு, கோப்பைகளில் பாகும் டிகாக்ஷனும் கலந்து வரிசையாக வைத்துவிட்டு, ஒரு தடவைக்கு இரண்டு கோப்பைக்கான 220 மில்லி பால் மட்டும் நுரையுங்கள். 350 மில்லி ஃபிரெஞ்ச் பிரஸில் அவ்வளவு பால் உப்ப இடமிருக்காது. 600 மில்லிக்கு மேல் கொள்ளும் குடுவை வேண்டும். ஏலக்காய் கேட்டவர்களுக்கு முதலில் ஊற்றிவிட்டுக் குடுவையை வெந்நீரில் அலசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த சாக்லேட் கோப்பையிலும் ஏலக்காய் மணக்கும். வலையைக் கழற்றிக் கழுவுவதை மட்டும் ராத்திரிக்குத் தள்ளிப்போடாதீர்கள். காய்ந்த பால் வலைக் கண்ணில் ஒட்டிக்கொண்டால் மறுநாள் நுரை எழாது.